இருபத்தொன்றாம் எண் பல்

திங்கள் காலை பைக் பையன் போட்டுப்போன
பெட்டிகளில் மூன்றாவது.
சீட்டில் பெயர் இல்லை, கேஸ் எண் மட்டும்.
இருபத்தொன்று: மேல்வரிசை, இடது, முன்பல்.
காரணம் என்ற கட்டத்தில்
டாக்டர் ஷெரினின் சாய்ந்த கையெழுத்து:
கிரிக்கெட் பந்து.

அஜ்மானில் வெள்ளிக்கிழமை தோறும்
எத்தனையோ பந்துகள் எத்தனையோ வாய்களைத் தேடிப் போகின்றன.
யாருடையதோ என்றுதான்
பிளாஸ்டர் கரைத்து அச்சில் ஊற்றினேன்.

இறுகியதும் பிரித்தேன்.
அந்தக் கோரைப்பல்லை எனக்குத் தெரியும்.
வரிசையில் நிற்கப் பொறுக்காமல்
முன்னால் எட்டிப் பார்க்கும்.
‘நோ பால்டா’ என்று கத்தும்போதெல்லாம்
அவனுக்கு முன்பே வெளியே வந்துவிடும்.

இருதயராஜ். சாரம் கட்டுகிறவன்.
மூன்று வாரத்துக்கு முன்
ஜுர்ஃப் கேம்ப்புக்குப் பின்னால்
தண்ணீர் லாரிகள் திரும்பும் மணல்வெளியில்
என் ஓவரின் நாலாவது பந்து
கல்லில் பட்டு எழுந்தது.
கல் என்று நான்தான் சொல்கிறேன்.
‘மூஞ்சிக்குப் போடு’ என்று
கீப்பர் முத்துக்கருப்பன் கத்தியதையும்
நான் விரல்களை மாற்றிப் பிடித்ததையும்
எழுத இந்தச் சீட்டில் கட்டம் இல்லை.

அன்று எட்டுப் பேர் குனிந்து
மணலில் பல்லின் துண்டைத் தேடினோம்.
கிடைத்தவை:
ஒரு சிப்பி, கோப்பை விளிம்பு,
யாரோ துப்பிய சூயிங்கம்.
வெள்ளையாய் இருந்ததையெல்லாம்
அவனிடம் நீட்டினோம்.
அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தான்,
வாயைப் பொத்திய கையை எடுக்காமலே.

விளையாட்டு என்ற சொல்லைப் பார்த்ததும்
இன்சூரன்ஸ்காரன் கைவிரித்தான்.
டீமில் வசூல் போட்டோம்.
எல்லோரும் ஐம்பது திர்ஹாம்.
நானும் ஐம்பது.

சுடும்போது சுருங்கும், ஐந்தில் ஒரு பங்கு.
ஆகவே பெரிதாகத்தான் கட்டவேண்டும்.
டாக்டர் சீவி வைத்திருந்த முளையின் மேல்
எந்த வாய்க்கும் கொள்ளாத ஒரு பல்லை
பொடி குழைத்து, தூரிகை நுனியால்,
உள்ளே மஞ்சள், மேலே பால்,
விளிம்பில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத ஒரு நிறம்.
வெளிச்சம் நுழைந்து போகிற இடம் அது.
அடைத்துவிட்டால்
பல் இல்லை, சட்டைப் பொத்தான்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உலைக்குள் தொள்ளாயிரத்து முப்பது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அது சிவந்து நின்றபோது
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
எதை என்று தெரியாமல்.

சீட்டில் நிறம் ஏ-மூன்று என்றிருந்தது.
டாக்டர் ட்யூப்லைட்டில் பார்த்திருப்பார்.
நான் அவனை வெயிலில் பார்த்தவன்.
அரைச் சாயல் கூட்டினேன்.
பக்கத்துப் பல்லில் ஓடும் மயிரிழை விரிசலை
இதிலும் ஓடவிட்டேன்.
ஈறோரம் துளி பழுப்பு,
ஆறு வருஷக் கரக் சாயாவின் கணக்கு.

முதலாளி அபு நிஜார் லென்ஸை இறக்கினார்.
‘புதுப் பல்லில் ஏன் அழுக்கு?’
பக்கத்துப் பல்லைக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல் பில்லில் கையெழுத்திட்டார்.

அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி
உதட்டைத் தூக்கியபடியே வந்தான்.
‘எதுன்னு சொல்லு பாப்போம்.’
ஒவ்வொருவனும் ஒரு பல்லைத் தொட்டான்.
முத்துக்கருப்பன் கோரைப்பல்லைத் தொட்டு
வசவு வாங்கினான்.
‘ஜெர்மன் பல்லுடா,’ என்றான் இருதயராஜ்,
‘கப்பல்ல வந்ததாம்.’

என் முறை வந்தது.
விளிம்பில் கொஞ்சம் நீலம் தட்டுகிறது,
அந்த வெயிலில் எனக்கு மட்டும் தெரிந்தது.
‘தெரியலடா’ என்றேன்.

அவனுக்கு நான் போட்ட ஆறும்
கால்நுனியில் விழுந்த பந்துகள்.
இரண்டு, லாரிகளைத் தாண்டிப் போயின.
‘என்னடா, பஞ்சு போடுற?’

ஓவர் முடிந்து
யாரோ அவனுக்கு ஒரு பெப்சி எறிந்தார்கள்.
கண்ணாடிப் பாட்டில், ஓப்பனர் இல்லை.
அவன் மூடியை வாய்க்குக் கொண்டுபோனான்,
இடது பக்கமாக.

‘டேய், வேண்டாம்!’
லாங்-ஆனிலிருந்து கத்தினேன்.
மொத்த மைதானமும் திரும்பிப் பார்த்தது.

பாட்டிலை இறக்கி
அவன் கேட்டான்:
‘என் பல்லு. உனக்கென்ன?’